கால் எரியுது, ஆனா நரம்பு டெஸ்ட் நார்மல்: இது ஆட்டோஇம்யூனான்னு எப்படித் தேடுறது

எங்க அக்காவுக்கு ராத்திரி பதினோரு மணி ஆச்சுன்னா பெட்ஷீட் நுனி பாதத்துல பட்டாக்கூட எரியும். "மிளகா அரைச்ச கையோட பாதத்தைத் தேய்ச்சு விட்ட மாதிரி இருக்குடா"ன்னு சொல்லும். கரண்ட் வச்சுப் பாக்குற நரம்பு டெஸ்ட் ரெண்டு தடவ எடுத்தாச்சு, ரெண்டும் நார்மல், சுகர் இல்ல, எம்ஆர்ஐ-ல ஒண்ணும் இல்ல, கடைசியா ஒரு டாக்டர் ஃபைலை மூடி வச்சுட்டு "டென்ஷனைக் குறைச்சுக்கோங்கம்மா"ன்னு தூக்க மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அலைஞ்சு, படிச்சு, கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, ஃபைலைத் தூக்கிட்டுப் பின்னாடி போன தம்பி, அவ்வளவுதான். இதைப் பாத்து மருந்து ஆரம்பிக்காதீங்க, நிறுத்தவும் செய்யாதீங்க. டாக்டர்கிட்ட போய் என்ன சொல்லணும், என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்க மட்டும் வச்சுக்கோங்க.

முதல்ல அந்த நார்மல் ரிப்போர்ட் விஷயம். கட்டில் கால்ல சுண்டுவிரலை இடிச்சிருப்பீங்கல்ல, இடிச்ச உடனே சுள்ளுன்னு ஒண்ணு, அது அடங்கி ஒரு நொடி கழிச்சு எரிச்சலா, கடுப்பா பரவுற இன்னொண்ணு. முதல்ல வர்றதைக் கொண்டு வர்றது ஏ-டெல்டாங்கிற மெல்லிசான நரம்பு, பின்னாடி ஆடி அசைஞ்சு வர்றது சி நரம்பு, அதுக்கு மேல உறையே கிடையாது, நொடிக்கு ஒரு மீட்டர் கிட்டத்தான் ஓடும். இந்த ரெண்டு கூட்டமும் சேர்ந்ததுதான் சின்ன நரம்பு. சூடு, குளிர், வலி, அரிப்பு எல்லாம் இவங்க டிபார்ட்மெண்ட், அதோட வேர்வை, பிபி, குடல் ஓட்டம், கண்ணு வாய் ஈரம் இதுவும் இவங்க கையிலதான். கரண்ட் வச்சுப் பாக்குற டெஸ்ட் பெரிய, தடிச்ச உறை போட்ட, வேகமா ஓடுற நரம்பை மட்டும்தான் அளக்கும். தெருக்கம்பத்துல கரண்ட் வருதான்னு பாத்துட்டு உங்க வீட்டு ஸ்விட்ச் எல்லாம் நல்லாருக்குன்னு சொல்ற கதைதான். அதனால அந்த ரிப்போர்ட்டைக் கையில வச்சுட்டு "ஒண்ணுமில்ல"ன்னு யாராவது சொன்னா, "பெரிய நரம்புல ஒண்ணுமில்ல, சின்ன நரம்பை எப்படிப் பாக்குறது டாக்டர்?"னு மரியாதையா கேளுங்க. இந்த ஒரு கேள்விக்கே பாதி வழி திறந்துரும்.

ஒரு எச்சரிக்கை இங்கயே சொல்லிடறேன். கால் கை பலம் குறையுது, மாடிப்படி ஏற முடியல, முழுங்க முடியல, மூச்சு வாங்குது, யூரின் நின்னுபோச்சுன்னா அது சின்ன நரம்பு சமாச்சாரம் இல்ல, இதைப் படிச்சுட்டு உக்காராம அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போங்க.

இப்ப நிறைய பேர் பண்ற தப்பு, நாங்களும் பண்ணினோம். நெட்ல ஆட்டோஇம்யூன்னு (உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பை அடிக்கிறது) படிச்ச உடனே லேபுக்கு ஓடி ஏஎன்ஏ-ங்கிற ரத்த டெஸ்ட் எடுக்குறது. அப்படி ஆரம்பிக்கவே கூடாது. மொதல்ல சின்ன நரம்புதானான்னு உறுதி பண்ணணும், அப்புறம் சாதாரணக் காரணமெல்லாம் இல்லன்னு தள்ளணும், அதுக்கப்புறம்தான் உடம்பே உடம்பை அடிக்குதாங்கிற கேள்வி. வரிசை மாறினா பணமும் போகும், புத்தியும் குழம்பும்.

வீட்டுலயே ஒரு சின்ன சோதனை பண்ணலாம். ரெண்டு சில்வர் டம்ளர் எடுங்க, ஒண்ணுல ஃப்ரிட்ஜ் தண்ணி, இன்னொண்ணுல வெதுவெதுப்பான தண்ணி (சூடு வேணாம், மரத்துப்போன கால்ல சூடு வச்சா கொப்பளம் வந்தாலும் தெரியாது). கண்ணை மூடச் சொல்லி பாதத்துல, முட்டிக்குக் கீழ, தொடையில, கையில, வயித்துல மாத்தி மாத்தி தொட்டு எது எதுன்னு கேளுங்க. அக்காவுக்கு பாதத்துல ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு, அது நாங்க எதிர்பாத்ததுதான், ஆனா இடது தொடையில கையளவு ஒரு இடத்துலயும் அப்படியேன்னு சொன்னப்பதான் தூக்கிவாரிப்போட்டுச்சு. அந்தத் தொடை விஷயம் ஏன் முக்கியம்னு பின்னாடி வர்றேன்.

உறுதி பண்றதுக்கு இருக்குற நல்ல வழி ஸ்கின் பயாப்ஸி. பயப்படுற அளவுக்கு ஒண்ணுமில்ல, மரத்துப்போக ஊசி போட்டு 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு, பேப்பர்ல ஓட்டை போடுற பஞ்சிங் மெஷின் மாதிரி ஒரு சின்ன வட்டம் எடுப்பாங்க, ஒண்ணு வெளிப்பக்கக் கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேல, இன்னொண்ணு தொடையில. பெரும்பாலும் தையல் கூட வேணாம், பிளாஸ்திரிதான். அந்தத் தோலை மெல்லிசா சீவி பிஜிபி 9.5-ன்னு ஒரு சாயம் ஏத்தி, தோலோட மேல் அடுக்குக்குள்ள எத்தனை நரம்பு நுழையுதுன்னு எண்ணுவாங்க, ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனைன்னு கணக்கு வரும், அதை உங்க வயசுல உங்க பாலினத்துல உள்ளவங்க கணக்கோட ஒப்பிட்டுப் பாப்பாங்க. இதுல எங்களுக்கு நடந்த கூத்தைக் கேளுங்க. முதல் தடவ எடுத்த தோலை ஒரு இடத்துல வழக்கமான ஃபார்மலின் பாட்டில்ல போட்டு அனுப்பிட்டாங்க, லேப்ல "இதுல எண்ண முடியாது"ன்னு திருப்பிட்டாங்க. இந்த டெஸ்ட்டுக்குன்னு தனி ஃபிக்ஸேடிவ், அதாவது தோல் கெடாம வைக்கிற திரவம் இருக்கு. அதனால பயாப்ஸிக்குப் போறதுக்கு முன்னாடியே "நரம்பு எண்ணுற லேபுக்குத்தான் போகுதா, அவங்க குடுத்த பாட்டில் வந்துருச்சா"ன்னு கேட்டுருங்க, கேக்க வெக்கப்படாதீங்க, அக்கா கால்ல ரெண்டு தழும்புக்கு பதிலா நாலு தழும்பு இருக்கு. இன்னொண்ணு, பயாப்ஸி நார்மல்னா வியாதியே இல்லன்னு அர்த்தம் இல்ல. வேர்வை அளக்குற டெஸ்ட், சூடு குளிர் உணர்ச்சி அளக்குற டெஸ்ட் எல்லாம் இருக்கு, அறிகுறியோட சேத்து வச்சுத்தான் டாக்டர் முடிவு பண்ணுவாரு.

அடுத்து சாதாரணக் காரணங்கள். இதை வேகமா சொல்லிடறேன், ஆனா இதுலதான் பாதிப்பேருக்கு விடை இருக்கும். சுகர்தான் முதல் சந்தேகம். வெறும் வயித்து சுகர் நார்மல்னு விட்டுராம 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாக்குறதையும் பாருங்க, அது 140-லருந்து 199-க்குள்ள வந்தா சுகரோட வாசப்படியில நிக்கிறீங்கன்னு அர்த்தம், அந்த நிலையிலயே சின்ன நரம்பு அடிவாங்கலாம். பி12, தைராய்டு, ஹெபடைட்டிஸ் சி, ஹெச்ஐவி, சாராயம், கீமோ மருந்து, இதெல்லாம் கேட்டாங்கன்னா கோவப்படாம பதில் சொல்லுங்க. நம்ம ஊர்ல இன்னொண்ணும் கண்டிப்பா பாக்கணும், தொழுநோய். வெளுத்த தேமல் மாதிரி ஒரு இடம், அங்க சூடு குளிர் தெரியலைன்னா தோல் டாக்டர்கிட்ட உடனே காட்டுங்க, இலவச மருந்து இருக்கு, குணமாகும். வேலூர் சிஎம்சி-க்கு 1946-ல வந்த டாக்டர் பால் பிராண்ட் எடுத்துச் சொன்னதே இதைத்தான், தொழுநோயில விரல் தானா அழுகி விழல, வலி தெரியாததால காயம் பட்டுப் பட்டுத்தான் போகுதுன்னு. வலி நரம்பு எவ்வளவு பெரிய காவல்காரன்னு அதைப் படிச்சப்பதான் எனக்கே புரிஞ்சுச்சு.

அப்புறம் "நரம்பு மாத்திரை". மெடிக்கல்ல போய் கால் மதமதங்குதுன்னா சட்டுன்னு எடுத்துக் குடுப்பாங்களே, அது. அதுல பி6 நிறைய இருக்கும், பி6 அதிகமானா அதுவே நரம்பைக் கெடுக்கும். அமெரிக்காவுல ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம்னு வரம்பு வச்சிருக்காங்க, ஐரோப்பாவுல அவங்க வரம்பை 2023-ல 12 மில்லிகிராம்னு இறக்கிட்டாங்க. எங்க அக்கா ரெண்டு டாக்டர் எழுதினதையும் கடைக்காரர் குடுத்ததையும் சேர்த்து மூணு பிராண்ட் பேர்ல ஒரே பி6-ஐ முழுங்கிட்டிருந்துச்சு. எல்லா அட்டையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. பி12 பாக்குறதா இருந்தா மாத்திரை ஊசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பாருங்க, பின்னாடி பாத்தா எண்ணு ஏறித்தான் இருக்கும்.

இதெல்லாம் தள்ளியாச்சு, இன்னும் காரணம் தெரியலன்னா இப்பதான் ஆட்டோஇம்யூன். முதுகெலும்புக்குப் பக்கத்துல வரிசையா (முகத்துக்கு மட்டும் மண்டை ஓட்டுக்குள்ள) சின்னச் சின்ன முடிச்சு மாதிரி இருக்கு, உணர்ச்சி நரம்போட தாய் செல்லெல்லாம் அங்கதான் குடியிருக்கு. மத்த இடத்துல நரம்புக்கும் ரத்தத்துக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கும், இந்த முடிச்சுல அந்தத் தடுப்பு லூசா இருக்கும், ரத்தத்துல ஓடுற ஆன்டிபாடி (கிருமியை அடிக்க உடம்பு செய்யுற புரதம், ஆட்டோஇம்யூன்ல நம்மளையே அடிக்கும்) சுலபமா உள்ள நுழையலாம். அங்க அடி விழுந்தா எந்த முடிச்சுல விழுதோ அந்த ஏரியா எரியும், முகமோ, முதுகோ, தொடையோ. சுகர்ல அப்படி இல்ல, நீளமான நரம்பு நுனிதான் முதல்ல வாடும், பாதத்துல ஆரம்பிச்சு சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறும், முட்டி கிட்ட வர்றப்ப கைவிரல்லயும் ஆரம்பிக்கும். அக்காவோட தொடையில இருந்த அந்தக் கையளவு இடம் ஏன் முக்கியம்னு இப்ப புரியுதா. இடம் மாறி மாறி, திட்டுத்திட்டா, பாதத்துக்கு முந்தி முகம் இல்ல தொடைன்னு வந்துச்சுன்னா ஆட்டோஇம்யூன் சந்தேகம் கூடுது. கூடுதுன்னு மட்டும்தான் சொல்றேன், உறுதின்னு சொல்லல.

இந்த வித்தியாசம் எந்த ரத்த டெஸ்ட்லயும் வராது, உங்க கதையிலதான் இருக்கு. என்னைக் கேட்டா இந்த வியாதியில பெரிய டெஸ்ட் ஒரு நாப்பது பக்க நோட்டுதான். அக்கா நோட்டுல ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "செவ்வாய். ராத்திரி 11.40, ரெண்டு பாதமும், எரிச்சல் 7. இடது கன்னம் சுள்ளுன்னு 3 தடவ. சாயந்திரம் வாய் காஞ்சு சோறு இறங்கல, ரசம் ஊத்திச் சாப்ட்டேன். குளிக்கிறப்ப தலை சுத்தல், சுவத்தைப் புடிச்சேன்." இதுல நரம்பு டாக்டர் பாதத்தைப் பாத்தாரு, எங்க கண்ணுக்குக் கன்னம் பட்டுச்சு, ஆனா ரசம் ஊத்திச் சாப்ட்ட வரியில விரலை வச்சது ரூமட்டாலஜி (மூட்டு, ஆட்டோஇம்யூன் வியாதி பாக்குற) டாக்டரம்மா. "எவ்வளவு நாளா இப்படி? கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துமா?"ன்னு கேட்டாங்க. ஆமா, ரெண்டு வருஷமா. அதை அக்கா கண்ணாடி பவர் மாறினதாலன்னு நினைச்சுட்டிருந்துச்சு.

நோட்டுல என்னென்ன எழுதணும்னா, எப்ப ஆரம்பிச்சுச்சு, எவ்வளவு வேகமா வந்துச்சு (ஒரு வாரத்துல உச்சத்துக்குப் போச்சுன்னா அது பெரிய துப்பு, வருஷக்கணக்கா மெதுவா ஏறுச்சுன்னா வேற கதை), அதுக்கு முந்தின மாசம் ஜுரம், கோவிட், வயித்துப்போக்கு எதாவது வந்துச்சா. கோவிட் வந்து மாசக்கணக்குல தீராம இருந்தவங்கள்ல சிலருக்கு ஸ்கின் பயாப்ஸியிலயே சின்ன நரம்பு குறைஞ்சிருந்ததை பாஸ்டன்ல நரம்பு டாக்டர் ஆன் லூயிஸ் ஓக்லாண்டர் குழு 2022-ல எழுதியிருக்காங்க. வீட்டுல யாருக்காவது தைராய்டு, லூபஸ் (தோல், மூட்டு, கிட்னின்னு பல இடத்தைத் தாக்குற ஆட்டோஇம்யூன் வியாதி), முடக்குவாதம், சொரியாசிஸ், சின்ன வயசு சுகர், வெண்புள்ளி இருக்கான்னு அத்தை சித்தி வரைக்கும் கேட்டு எழுதுங்க. எங்க பாட்டிக்கு வாயில பல்லெல்லாம் நாப்பது வயசுக்குள்ள போயிருச்சுன்னு அம்மா அப்பதான் சொன்னாங்க, வாய் வறட்சியாக்கூட இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்.

பிபி மெஷின் வீட்டுல இருந்தா இதையும் பண்ணுங்க. அஞ்சு நிமிஷம் படுத்துட்டு பிபி, பல்ஸ் எழுதிக்கோங்க, எந்திரிச்சு நின்னு 1, 3, 5, 10-வது நிமிஷம் மறுபடி எழுதுங்க, பக்கத்துல ஆள் இருக்கணும். நின்ன மூணு நிமிஷத்துக்குள்ள மேல் பிபி 20 இல்ல கீழ் பிபி 10 இறங்கினா அது கணக்குல வரும், பிபி இறங்காம பல்ஸ் மட்டும் 30-க்கு மேல எகிறி நின்னா அதுவும் கணக்குல வரும். காப்பி குடிச்ச உடனே பண்ணாதீங்க.

இப்ப ரத்த டெஸ்ட்டுக்கு வருவோம். முதல் ஆள் ஷோகிரன், கண்ணும் வாயும் காயுற வியாதி, சின்ன நரம்பைத் தாக்குற ஆட்டோஇம்யூன் வியாதிகள்ல அடிக்கடி மாட்டுறது இது. அடுத்து லூபஸ், சார்காய்டு (நுரையீரல் மாதிரி இடங்கள்ல சின்னச் சின்னக் கட்டி வர்ற வியாதி), சீலியாக் (கோதுமை சேராம குடல் கெடுற வியாதி). ஏஎன்ஏ எடுப்பாங்க, அதைப் பாத்து அழாதீங்க, குதிக்கவும் குதிக்காதீங்க. ஆரோக்கியமான ஆளுங்களை வச்சு 1997-ல பண்ணின ஒரு ஆய்வுல 1:40-ல (அதாவது 40 மடங்கு நீர்க்க வச்சுப் பாத்தப்ப) 32 சதவீதம் பேருக்கும், 1:80-ல 13 சதவீதம் பேருக்கும், 1:160-ல 5 சதவீதம் பேருக்கும் பாசிட்டிவ் வந்திருக்கு. அதாவது உங்க தெருவுல எல்லாருக்கும் எடுத்தா வீட்டுக்கு ஒருத்தருக்கு லேசா பாசிட்டிவ் வரும். தலைகீழாவும் நடக்கும், ஏஎன்ஏ நெகட்டிவா இருந்தும் ஷோகிரனோட எஸ்எஸ்ஏ ஆன்டிபாடி இருக்கலாம், அதனால அதைத் தனியா கேளுங்க. எஸ்எஸ்ஏ-வும் நெகட்டிவ், ஆனா கண்ணும் வாயும் வறண்டு கிடக்குன்னா கண் டாக்டர்கிட்ட ஷிர்மர் டெஸ்ட், கீழ் இமையில ஒரு பேப்பர் துண்டு மாட்டி அஞ்சு நிமிஷம் விடுவாங்க, 5 மில்லிமீட்டருக்குள்ளதான் நனைஞ்சுதுன்னா கண்ணீர் கம்மின்னு அர்த்தம். அதுக்கும் மேல உதட்டு உள்பக்கத்துலருந்து எச்சில் சுரப்பியை எடுத்துப் பாக்குற பயாப்ஸி. அக்காவுக்கு அதுலதான் விடை கிடைச்சுச்சு, ரத்தத்துல கடைசி வரைக்கும் எஸ்எஸ்ஏ வரவே இல்ல.

சீலியாக்குக்கு டிடிஜி ஐஜிஏ-ன்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுப்பாங்க. "கோதுமைதான் காரணமாம்"னு கேள்விப்பட்டு டெஸ்ட்டுக்கு முன்னாடியே சப்பாத்தியை நிறுத்திட்டா ரிப்போர்ட் நெகட்டிவா ஏமாத்திரும். நம்ம வீட்டுல ஏற்கனவே சோறுதான், கோதுமை எப்பவாவதுதான்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

டிஎஸ்-ஹெச்டிஎஸ், எஃப்ஜிஎஃப்ஆர்3-ன்னு ரெண்டு ஆன்டிபாடி பேர் நெட்ல அடிக்கடி வரும், வெளிநாட்டுக்கு சாம்பிள் அனுப்பி எடுக்கச் சொல்றவங்களும் இருக்காங்க. என் கருத்து, அவசரப்படாதீங்க. காரணம் தெரியாத சின்ன நரம்பு வியாதிக்காரங்கள்ல இது அதிகமா தென்படுதுங்கிறது வரைக்கும் சரி, ஆனா அதுதான் நரம்பைக் கடிக்குதா, இல்ல சும்மா பக்கத்துல நிக்குதான்னு முடிவாகல. இந்த ஆன்டிபாடி உள்ளவங்களுக்கு ஐவிஐஜி (பல பேர் தானம் குடுத்த ரத்தத்துலருந்து எடுத்த ஆன்டிபாடியை ட்ரிப்ஸா ஏத்துறது) போட்டு, இன்னொரு கூட்டத்துக்கு வெறும் டம்மி போட்டு ஒப்பிட்ட ஒரு சின்ன ஆய்வுலயும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல. பாசிட்டிவ் வந்தாலும் வைத்தியம் மாறப்போறதில்லன்னா அந்தப் பணத்தை வேற எதுக்காவது வச்சுக்கோங்க.

அப்ப ஆன்டிபாடி கதையே பொய்யான்னா, அதுவும் இல்ல. 2021-ல லிவர்பூல், லண்டன் கிங்ஸ் காலேஜ், ஸ்வீடன் கரோலின்ஸ்கா ஆளுங்க சேர்ந்து ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க நாள்பட்ட வலி) உள்ளவங்க ரத்தத்துலருந்து ஐஜிஜி ஆன்டிபாடியைப் பிரிச்சு எலிக்குப் போட்டாங்க. எலிக்கு அழுத்தம் பட்டா வலி, குளிர் பட்டா வலி, நடமாட்டம் குறைஞ்சுபோச்சு, பாதத்துத் தோல்ல நரம்பும் குறைஞ்சுபோச்சு. நல்லா இருக்குறவங்க ஐஜிஜி போட்ட எலிக்கு ஒண்ணும் ஆகல. அந்த ஆன்டிபாடி போய் உக்காந்த இடம் எது தெரியுமா, நான் மேல சொன்ன அதே முதுகெலும்புப் பக்கத்து முடிச்சு. சில வாரத்துல ஆன்டிபாடி கரைஞ்சதும் எலி சரியாயிருச்சு. "மனசுதான் காரணம்"னு சொன்னவரு மேசையில இந்தப் பேப்பரைக் கொண்டுபோய் வைக்கணும்னு தோணுச்சு, வைக்கல.

வைத்தியத்துக்கு வருவோம். ஷோகிரன், லூபஸ், சார்காய்டுன்னு பேரோட ஒரு வியாதி கிடைச்சா அந்த வியாதிக்கான மருந்துதான் முதல்ல. பேரே கிடைக்காம "ஆட்டோஇம்யூனா இருக்கலாம்"னு நிக்கிறவங்களுக்குத்தான் சிக்கல். ஓக்லாண்டர் குழு 2018-ல 55 பேரோட பழைய ஃபைலைப் புரட்டி, ஐவிஐஜி போட்டதுல கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் தேவலைன்னு சொன்னதா எழுதினாங்க, அவங்க எடுத்துக்கிட்டது ஆட்டோஇம்யூன் அடையாளம் உள்ளவங்களை. ஆனா 2021-ல நெதர்லாந்துல காரணம் தெரியாத 60 பேரைப் பிரிச்சு, பாதிப்பேருக்கு ஐவிஐஜி, பாதிப்பேருக்கு டம்மி போட்டதுல 40 சதவீதத்துக்கு 30 சதவீதம்னுதான் வந்துச்சு, அந்த வித்தியாசம் தற்செயலாக்கூட வந்திருக்கலாம்ங்கிற அளவுதான். நான் இதை எப்படிப் படிக்கிறேன்னா, கண்ணை மூடிட்டு எல்லாருக்கும் போட்டா பிரயோஜனம் இல்ல, துப்பு இருக்குறவங்களுக்கு வேலை செய்யுமாங்கிறதுக்குப் பெரிய ஆய்வு இன்னும் வேணும். வழக்கமான டோஸ் ஒரு கிலோ எடைக்கு 2 கிராம், 60 கிலோ ஆளுக்கு 120 கிராம், 5 கிராம் பாட்டில்னா 24 பாட்டில், அதுவும் ஒரு ரவுண்டுக்கு. பில்லு லட்சத்துல வரும். தாலியை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க: எனக்கு ஆட்டோஇம்யூன்னு நீங்க நினைக்கிறதுக்கு என்ன அடையாளம், எத்தனை மாசம் போட்டுப் பாப்போம், தேறுதா இல்லையான்னு எதை வச்சு அளப்போம். மூணாவதுக்கு உங்க நோட்டு எண்ணும் பிபி கணக்கும் உதவும். தலைவலி சாதாரணமா வரும், ரத்தக்கட்டி, கிட்னி பிரச்சனை அபூர்வமா வரும், முந்தி எதாவது இருந்தா மறைக்காதீங்க.

ஸ்டீராய்டை சொந்தமா வாங்கிப் போட்டுப் பாக்குற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். எரிச்சல் நாலு நாள் அடங்கின மாதிரி இருக்கும், சுகர் ஏறும், ஏறின சுகர் அதே நரம்பைக் கடிக்கும், பதுங்கியிருக்குற டிபி கிளம்பும், அதுக்கு மேல அடுத்து எடுக்குற டெஸ்ட்டும் குழம்பிப்போகும்.

எரிச்சலுக்கு கபாபென்டின், ப்ரிகாபலின், டுலாக்ஸிடின், அமிட்ரிப்டிலின்னு எதாவது எழுதுவாங்க. இதெல்லாம் வலியைக் குறைக்கும், காரணத்தைத் தொடாது, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. வாய் வறட்சி, எந்திரிச்சா தலை சுத்தல் இருக்குறவங்க அமிட்ரிப்டிலின் எழுதினா அதை ஞாபகப்படுத்துங்க, அது ரெண்டையும் இன்னும் கூட்டும். அக்காவுக்கு அப்படித்தான் ஆச்சு, சொன்ன உடனே மாத்திக் குடுத்தாங்க. ஐஸ் தண்ணியில கால் வைக்கிறது சுகமா இருக்கும், தோல் வெந்துபோன மாதிரி ஆகிரும், பைப் தண்ணி போதும். தினமும் ராத்திரி பாதத்தை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, முள்ளு குத்தினது தெரியாம இருக்கும்.

சின்ன நரம்பு திரும்ப வளரும், ஆனா மாசக்கணக்குல, சில பேருக்கு வருஷக்கணக்குல. ஷோகிரன் மருந்து ஆரம்பிச்சு நாலு மாசம் அக்கா நோட்டுல 7, 7, 6, 8-ன்னுதான் ஓடுச்சு, நானே வெறுத்துட்டேன். ஒம்போதாவது மாசத்துல ஒரு ராத்திரி எண்ணே எழுதல. என்ன ஆச்சுன்னு காலையில கேட்டா, "எழுத மறந்துட்டேன்டா, பத்தரைக்கே தூங்கிட்டேன்"ன்னு சொல்லுச்சு.